பொருள்: ‘புரொபபிள் பிரைம்’ – நம்பத்தகு முதன்மை எண்?

> ‘நிகழ்தகவு முதன்மை எண்’ என்றே போட்டுவிடலாமே. பாடநூலில் புழங்குகிற சொல்தானே.

ஐயா, வணக்கம். ஒரு சோதனையில் தேறி, முதன்மை எண் (பகா எண்) என்று இன்னும் நிறுவப்படாத எண்ணைத்தான் ‘புரொபபிள் பிரைம்’ என்கிறார்கள். அதற்கு ‘நிகழ்தகவு’ என்பதில் எனக்கு உடன்பாடில்லை. நாளைக்கு மழை பெய்வதற்கு நிகழ்தகவு உண்டு. ஓர் எண் முதன்மையாக இருப்பது அப்படி நிகழ்கிற காரியம் அல்ல. அது முதன்மை, இல்லாவிட்டால் இல்லை. உறுதி போதாமல் நிற்பது நாம்தான்.

2024 ஒக்டோபரில் லூக் டுரான்ட் கண்டுபிடித்த எண்ணையே எடுப்போம். 2இன் 136,279,841ஆம் வலுவில் 1 குறைவு. எழுதினால் 41,024,320 இலக்கங்கள். 11ஆம் திகதி டப்ளினில் இருந்த ஒரு வரைகலைச் செயலியில் அது ஃபெர்மா சோதனையில் தேறியது; முதன்மை எண்களோடு சில போலிகளும் தேறிவிடுகிற சோதனை அது. மறுநாள் டெக்சாஸில், இவ்வகை எண்களுக்கு ஐயமறத் தீர்ப்புச் சொல்லும் லூக்கா–லேமர் சோதனை அதை முதன்மை என்று உறுதிப்படுத்தியது. வெள்ளவத்தையில் உயர்தர வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு பிள்ளை கேட்டாள்: “அப்ப அந்த ஒரு நாளும் அது என்ன சேர்?” நமக்கு வேண்டிய சொல் அந்த ஒரு நாளுக்குத்தான்.

‘போலி முதன்மை’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அது வேறு ஆள். 341ஐப் பாருங்கள். 1024ஐ 341ஆல் வகுத்தால் மீதி 1. 1024 என்பது 2இன் 10ஆம் வலு. ஆகவே 340ஆம் வலுவுக்கும் மீதி 1தான். எண்ணைவிட 1 குறைந்த வலுவுக்கு மீதி 1 வருகிறதா என்பதே ஃபெர்மா சோதனை கேட்பது, 341 தேறிவிட்டது. ஆனால் 341 = 11 × 31! 2ஐ விட்டு 3ஐ வைத்துச் சோதித்தால் மீதி 56, குட்டு வெளிப்பட்டுவிடும். இப்படி வேஷம் கலைந்ததற்குத்தான் ‘போலி’ பொருந்தும். இன்னும் விசாரணையில் இருக்கிற எண்ணைப் போலி என்பது அநியாயம். (டுரான்டின் எண் வகைக்கு, அதாவது 2இன் வலு ஒன்றில் 1 குறைவானவற்றுக்கு, 2ஐ வைத்துச் சோதிப்பதே வீண், அடுக்கு முதன்மையாக இருந்தால் எல்லாமே தேறிவிடும், 23 × 89 ஆகிய 2047 உட்பட. அதனால்தான் அங்கே 3.)

‘சாத்திய முதன்மை’ மிகவும் தளர்வு, எந்த ஒற்றை எண்ணையும் அப்படிச் சொல்லலாம். ‘ஏறத்தாழ முதன்மை’யும் சரிவராது, ஓரிரு முதன்மைக் காரணிகளே உள்ள எண்களுக்கு அது தேவைப்படும்.

ஆகவே என் முன்மொழிவு: நம்பத்தகு முதன்மை எண். சோதனையில் தேறியது, நிறுவப்படவில்லை, நம்ப இடமுண்டு: மூன்றும் அதில் வந்துவிடுகின்றன. தமிழ்நாட்டு நண்பர்கள் ‘நம்பத்தகு பகா எண்’ என்று எழுதட்டும். முன்னொட்டு ஒன்றாக இருந்தால் போதும், முதன்மையா பகாவா என்ற பழைய சண்டையை இங்கே இழுக்க வேண்டாம்.

அப்புறம், ஃபெர்மாவைவிடக் கடுமையான சோதனையிலும் தேறிவிடுகிற போலிக்குரிய ‘ஸ்ட்ரோங் சூடோபிரைம்’ பாக்கி. அதற்கு ‘வலுப் போலி’ என்று நம் கலைச்சொல் பட்டியலில் இருக்கிறது. இலங்கைப் பாடநூல்களில் வலு என்றால் அடுக்குக் கணக்கு, பிள்ளைகள் குழம்புவார்கள். ‘கடும்போலி’ எப்படி?