உள்பேட் மட்டும் ஏன் தேய்கிறது? பழைய காரில் பேட், டிஸ்க் மாற்றியவர்களின் அனுபவங்கள்

ஆனையூரிலிருந்து, 2009 ஸ்விஃப்ட் வைத்திருப்பவர்:

பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் முன்பக்க இடது சக்கரத்திலிருந்து கிரீச்சென்று சத்தம் வந்தது; வேகத்தில் மிதித்தால் ஸ்டீயரிங்கும் நடுங்கியது. சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற இரும்புத் தட்டை இருபுறமும் அழுத்தி நிறுத்துபவை பேட்டுகள். பேட் ஓர் அளவுக்குக் கீழே தேய்ந்தால் அதிலுள்ள சிறு தகடு டிஸ்க்கில் உரசிச் சத்தம் எழுப்பும். எனவே பேட் தேய்ந்திருக்கும் என்பது ஊகிக்கக்கூடியதே. ஆனால் ஓராண்டுக்குள் எப்படித் தேய்ந்தது என்பதுதான் எனக்கு உறுத்தலாக இருந்தது.

சக்கரத்தைக் கழற்றியதும் விடை கண்ணெதிரே இருந்தது. வெளிப்பக்க பேட்டில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்க, உள்பக்க பேட் இரும்பு தெரியும் அளவுக்குத் தேய்ந்து, டிஸ்க்கிலும் கோடு கோடாகப் பள்ளம் விழுந்திருந்தது. இத்தகைய வண்டிகளில், பேட்டுகளைப் பிடித்து டிஸ்க்கில் அழுத்தும் கவ்வியான காலிப்பரின் உள்பக்கத்தில் மட்டுமே பிஸ்டன் உண்டு. அது உள்பேட்டைத் தள்ள, அந்த எதிர்விசையில் காலிப்பர் இரண்டு பின்களின் மேல் நகர்ந்து வெளிப்பேட்டையும் இழுத்து அழுத்துகிறது. அந்தப் பின்கள் இறுகிவிட்டால் காலிப்பர் நகராது. உள்பேட் மட்டுமே உழைக்கும், மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் முழுதாக விலகாமல் உரசிக்கொண்டே இருக்கும். என் வண்டியில் கீழ்ப் பின்னின் ரப்பர் உறை கிழிந்து, சாலைப் புழுதியும் பழைய கிரீஸும் கலந்து கறுப்புக் களியாக உறைந்திருந்தது. முன்பு பேட் மாற்றிய பட்டறையில் பேரிங்குக்கு வைக்கும் சாதாரண கிரீஸையே இதற்கும் தடவியிருக்கிறார்கள். பெட்ரோலிய கிரீஸ் பட்டால் இந்த ரப்பர் உப்பிக் கெட்டுவிடும். இங்கே பிரேக்குக்கென்று விற்கும் சிலிகோன் கிரீஸ்தான் வைக்க வேண்டும். பின், ரப்பர் உறை, கிரீஸ் மூன்றும் சேர்ந்த பொட்டலம் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கிறது. பேட் விலையோடு ஒப்பிட்டால் அது ஒரு செலவே அல்ல.

வேலையைத் தொடங்கும் முன் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, ஜாக்கியோடு ஸ்டாண்டையும் வைத்துவிடுவது அவசியம். ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடுவோரைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். கழற்றிய காலிப்பரைப் பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல், கட்டுக்கம்பியால் சுருள்வில்லோடு கட்டிவிட வேண்டும்.

டிஸ்க் துருவேறி, அதையும் சக்கரத்தையும் தாங்கும் ஹப்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. சுத்தியலால் ஓங்கி அடித்தால் வீல் பேரிங் பழுதாகும். டிஸ்க்கிலேயே மரையிட்ட இரண்டு துளைகள் இருக்கின்றன. அவற்றில் எட்டு மில்லிமீட்டர் போல்ட்டுகளைப் போட்டு மாற்றி மாற்றி இறுக்கினால், அவை ஹப்பை உந்தி டிஸ்க்கை வெளியே தள்ளிவிடும். அதன்பின் நான் அதிக நேரம் செலவிட்டது ஹப்பின் முகத்தில்தான். அங்கே துரு இருக்கும்போதே புதிய டிஸ்க்கை மாட்டினால், நடுவில் மயிரிழை அளவுள்ள சாய்வு ஓரத்தில் பெரிதாகும். டிஸ்க் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேட்டில் பட்டுப் பட்டுச் சீரற்றுத் தேய்ந்து, சில ஆயிரம் கிலோமீட்டரில் பழைய நடுக்கம் திரும்பிவிடும். அதனால் கம்பி பிரஷும் உப்புத்தாளும் கொண்டு உலோகம் பளிச்சென்று தெரியும் வரை தேய்த்தேன். புதிய டிஸ்க்கில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசியிருக்கும் எண்ணெயைப் பிரேக் கிளீனரால் துடைத்தெடுத்த பிறகே பேட்டுகளை மாட்டினேன்.

பிஸ்டனைச் சி-கிளாம்ப்பால் மெதுவாக உள்ளே அழுத்தும்போது மேலே டப்பாவில் பிரேக் ஆயில் ஏறும்; முன்னதாகவே சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். வழிந்து பெயின்ட்டில் பட்டால் பெயின்ட் உரிந்துவிடும். உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். எல்லாம் முடிந்து வண்டியை எடுப்பதற்கு முன் மிதி கெட்டியாகும் வரை பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதல் மிதியில் அது தரை வரை போகும்.

கே. புதூரிலிருந்து, லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்:

மேலே எழுதியவர் டிஸ்க்கை மாற்றியது சரியான முடிவு. பள்ளம் விழுந்த டிஸ்க்கைக் கொண்டுவந்து, "ஒரு சீவு சீவிக் கொடுங்க அண்ணே" என்று கேட்போர் மிகுதி. சீவலாம், ஆனால் ஏற்கெனவே தேய்ந்ததை இன்னும் மெல்லியதாக்குகிறோம் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. ஒவ்வொரு டிஸ்க்கிலும் குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். துருவைத் துடைத்தால் தெரியும். கடைந்த பிறகும் அந்த அளவுக்கு மேல் போதிய மிச்சம் இருந்தால் மட்டுமே லேத்துக்குக் கொண்டுவர வேண்டும். அளக்கும்போது வெர்னியரைத் தட்டையாக வைத்தால் அது தேயாத வெளிவிளிம்பில் உட்கார்ந்து பொய்யான கணக்கைக் காட்டும். விளிம்பைத் தாண்டி உள்ளே, பேட் உரசும் இடத்தில், மைக்ரோமீட்டரால் நான்கைந்து புள்ளிகளில் அளக்க வேண்டும். புள்ளிக்குப் புள்ளி தடிமன் வேறுபட்டால் ஸ்டீயரிங் நடுங்கியதற்கு அதுவே காரணம். இன்னொன்று: லேத்தில் பிடித்துச் சுழற்றும் சக்கில் டிஸ்க் நேராக ஓடுவது வேறு, வண்டியின் ஹப்பில் நேராக ஓடுவது வேறு. ஹப்பு கெட்டிருந்தால் நான் எவ்வளவு நேர்த்தியாகக் கடைந்து கொடுத்தும் பயனில்லை. டிஸ்க்கோ பேட்டோ, இடமும் வலமும் ஒருசேர மாற்றுங்கள். இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

வத்தலக்குண்டிலிருந்து, அடிக்கடி கொடைக்கானல் ஏறி இறங்குபவர்:

புதிய பேட்டோடு நேரே மலைக்குப் போகாதீர்கள். மதுரை ரிங் ரோட்டில் போக்குவரத்து இல்லாத விடியற்காலையில் அறுபதிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்துக்குப் பிரேக்கால் குறைத்து, முழுதாக நிறுத்தாமல் மீண்டும் வேகமெடுத்து, இடையிடையே ஆறவிட்டு, சில முறை இப்படிச் செய்தால் பேட்டும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படிந்துவிடும்.

பேட் மாற்றும்போதே பிரேக் ஆயிலையும் மாற்றிவிடுவது என் வழக்கம், ஏனெனில் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற தரத்து பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி; ஈரம் ஏறிய நிலையில் 140 வரை இறங்கலாம். மலையிறக்கத்தில் இரண்டாம் கியரைப் போடாமல் பிரேக்கை மட்டுமே நம்பி வந்தால், அந்த ஈரம் ஆவியாகி மிதி பொசுக்கென்று உள்ளே போய்விடும். டாட் 4 ஆயிலை இதே அமைப்பில் ஊற்றலாம்; சிலிகோனால் ஆன டாட் 5 ஆயிலை ஒருபோதும் கலக்கக் கூடாது. மூடி திறந்த புட்டியில் மிஞ்சியதை அடுத்த ஆண்டுக்கு என்று அலமாரியில் வைக்காதீர்கள். அதற்குள் அதுவும் ஈரம் குடித்திருக்கும்.