‘டவுன்’ கொடுத்து மறுபடி ஏற்றியதும் போஸ்ட்கிரெஸ் காலி: 40 நாள் டிசி கணக்கை மீட்க முடியுமா?

நூல்கண்டு, திருப்பூர்

வணக்கம். அவசர உதவி வேண்டும். மங்கலம் ரோட்டில் என் மாமா நிட்டிங் யூனிட் வைத்திருக்கிறார். பார்ட்டி அனுப்பும் நூல், ஓட்டிய துணி ரோல்கள் சாயப்பட்டறைக்குப் போவது, கிலோவுக்கு இத்தனை என்று கூலி, எல்லாமே டிசி (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) புத்தகத்தில்தான் இருந்தது. அதற்காக ஜாங்கோவில் ஒரு சின்ன ஆப் எழுதி, வாடகை சர்வரில் டாக்கரில் (மென்பொருட்களைக் கண்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி) ஏற்றிக் கொடுத்தேன். மூன்று கண்டெய்னர்: ஆப், டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் 16, முன்னால் வெப் சர்வர் என்ஜின்எக்ஸ். 40 நாள் நன்றாக ஓடியது. நடுவில் நான்கு முறை புது இமேஜ் (கண்டெய்னரை உருவாக்கும் அச்சு) கட்டி, எல்லாவற்றையும் ஏற்றும் ‘டாக்கர் கம்போஸ் அப்’ மட்டும் கொடுத்தேன், டேட்டா அப்படியே இருந்தது.

இன்று காலை நெட்வொர்க் பெயரை மாற்றுவதற்காக முதல்முறையாக, கண்டெய்னர்களை நிறுத்தி நீக்கும் ‘டவுன்’ கொடுத்துவிட்டு ‘அப்’ கொடுத்தேன். பத்தே நிமிடத்தில் மாமா போன் செய்தார். “மாப்ளே, டிசி நம்பர் ஒண்ணுல இருந்து வருது. நம்ம கணக்கெல்லாம் எங்க போச்சு?” உள்ளே போனால் பார்ட்டி லிஸ்ட் முழுக்கக் காலி. லாகின் மட்டும் ஆகிறது. லாகில் ஒரு பிழையும் இல்லை.

‘டவுன்’ உடன், வால்யூமையும் (டேட்டா தங்கும் இடம்) அழிக்கும் ‘மைனஸ் வி’ கொடுக்கவில்லை. ஹிஸ்டரியில் இரண்டு முறை பார்த்துவிட்டேன். கம்போஸ் ஃபைலில் ‘பிஜிடேட்டா’ என்று பெயர் வைத்த வால்யூமை ‘வார்/லிப்/போஸ்ட்கிரெஸ்கியூஎல்’ பாதையில் மாட்டியிருக்கிறேன். பேக்கப் இல்லை. லாரி வாசலில் நிற்கிறது, மாமா பழைய புத்தகத்தை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டார்.

காளிங்கராயன் வாய்க்கால், ஈரோடு

பழைய வால்யூம் ஏதோ கெட்டுப்போயிருக்கும். ‘டாக்கர் வால்யூம் ப்ரூன்’ கொடுத்துச் சுத்தம் செய்துவிட்டு முதலிலிருந்து ஏற்றிப் பாருங்கள்.

வெள்ளலூர்க்காரி, கோவை

தம்பி, ப்ரூன் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்! உங்கள் 40 நாள் கணக்கு பெரும்பாலும் அந்தச் சர்வரிலேயே பத்திரமாக இருக்கிறது. ப்ரூன் கொடுத்தால்தான் நிஜமாகவே போகும். டாக்கர் 23-ஆம் பதிப்பிலிருந்து அந்தக் கட்டளை பெயரில்லாத வால்யூம்களை மட்டும் தேடித் துடைக்கிறது. உங்கள் டேட்டா உட்கார்ந்திருப்பது அப்படி ஒன்றில்தான்.

போஸ்ட்கிரெஸ் 16 இமேஜ் தன் கோப்புகளை நீங்கள் மாட்டிய பாதைக்கு இன்னும் ஒரு படி உள்ளே, ‘டேட்டா’ என்ற ஃபோல்டரில் வைக்கிறது. அந்த ஃபோல்டர் ஒரு வால்யூம் என்று இமேஜிலேயே எழுதியிருக்கிறது. நீங்கள் மேல் ஃபோல்டரோடு நிறுத்திவிட்டதால், உள் ஃபோல்டருக்கு டாக்கர் தானாகவே பெயரில்லாத ஒரு வால்யூமை உருவாக்கி மாட்டிவிட்டது. உங்கள் ‘பிஜிடேட்டா’ முதல் நாளிலிருந்தே காலிதான்.

நான்கு முறை தப்பித்ததற்கும் காரணம் இருக்கிறது. வெறும் ‘அப்’ கொடுக்கும்போது, பழைய கண்டெய்னரில் இருந்த பெயரில்லாத வால்யூமைக் கம்போஸ் எடுத்துப் புதியதில் மாட்டிவிடும். ‘டவுன்’ கொடுத்தால் கண்டெய்னரே போய்விடுகிறது. வால்யூம் அழியாது, ஆனால் அது யாருடையது என்று சொல்ல ஆளில்லை. அடுத்த ‘அப்’ புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். உங்கள் ஸ்டார்ட் ஸ்கிரிப்ட் மைக்ரேஷன் ஓட்டி (காலி அட்டவணைகளை உருவாக்கி) அட்மின் பயனரையும் உருவாக்குகிறது, அப்படித்தானே? அதனால்தான் பிழை வராமல், லாகினும் ஆகி, எல்லாம் காலியாகத் தெரிகிறது.

இப்போது ஆப்பை நிறுத்துங்கள், மாமா புத்தகத்திலேயே எழுதட்டும். அப்புறம் ‘டாக்கர் சிஸ்டம் டிஎஃப் மைனஸ் வி’ கொடுத்து, வால்யூம் பட்டியலை மட்டும் இங்கே போடுங்கள்.

நூல்கண்டு

அக்கா, ஸ்கிரிப்டில் நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது. ஆப்பை நிறுத்திவிட்டேன். பட்டியலில் மூன்று: ‘பிஜிடேட்டா’, அளவு 0. 64 எழுத்துப் பெயரோடு இரண்டு. ஒன்று ‘7அ’ போல ஆரம்பிக்கிறது, இணைப்பு 1, அளவு 48 எம்பி. இன்னொன்று ‘சி4’, இணைப்பு 0, அளவு 131 எம்பி.

வெள்ளலூர்க்காரி

அந்தச் ‘சி4’தான். இணைப்பு 0 என்றால் எந்தக் கண்டெய்னரும் அதைப் பிடித்திருக்கவில்லை. 48 எம்பி என்பது இன்று பிறந்த காலி டேட்டாபேஸ்.

அதையே நேராக ஆப்பில் மாட்டிவிடாதீர்கள், நகல் எடுத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். புதிதாக ‘டிசிகணக்கு’ என்று ஒரு வால்யூம் உருவாக்குங்கள். சும்மா ஒரு ஆல்பைன் (சின்ன லினக்ஸ்) கண்டெய்னரில் ‘சி4’-ஐ ஒரு பக்கம் படிக்க மட்டும் என்ற அனுமதியோடும், புதியதை இன்னொரு பக்கமும் மாட்டி, ‘சிபி மைனஸ் ஏ’ என்ற நகல் கட்டளை கொடுங்கள். அந்த ‘மைனஸ் ஏ’ முக்கியம், அது இல்லாவிட்டால் உள் ஃபோல்டர்கள் நகலாகாது, கோப்புகளின் உரிமையாளரும் மாறிவிடும். நகலில் ‘பிஜி_வெர்ஷன்’ என்ற கோப்பைத் திறந்தால் 16 என்று இருக்க வேண்டும்.

பிறகு கம்போஸ் ஃபைலில் ‘டிசிகணக்கு’ வால்யூமை, கடைசி ‘டேட்டா’ ஃபோல்டர் வரை பாதை கொடுத்து மாட்டுங்கள். பாஸ்வேர்டை நடுவில் மாற்றியிருந்தால், முதல் நாள் கொடுத்ததுதான் செல்லும். டேட்டா ஏற்கெனவே இருந்தால் என்விரான்மென்டில் எழுதியதை இமேஜ் கண்டுகொள்ளாது.

காளிங்கராயன் வாய்க்கால்

மன்னிக்கவும் தம்பி, தவறாகச் சொல்லிவிட்டேன். என் சர்வரில் எப்போதும் பெயர் வைத்த வால்யூம்தான், அதனால் ப்ரூன் எனக்கு ஒன்றும் செய்ததில்லை. நல்லவேளை, நீங்கள் கொடுக்கவில்லை.

ஒரு சந்தேகம் அக்கா. மேல் ஃபோல்டரில் மாட்டுவதுதான் சரி என்றும் சிலர் எழுதியிருக்கிறார்களே?

வெள்ளலூர்க்காரி

அது போஸ்ட்கிரெஸ் 18-க்கு. அந்தப் பதிப்பிலிருந்து இமேஜில் வால்யூம் பாதையே மேல் ஃபோல்டருக்கு மாறிவிட்டது. டேட்டா அதற்குள் பதிப்பு எண் போட்ட ஃபோல்டரில் போகிறது. 17 வரை ‘டேட்டா’ வரை கொடுக்க வேண்டும். அதனால் இமேஜ் பெயரோடு 16 என்று எழுதியே வையுங்கள், ‘லேட்டஸ்ட்’ வேண்டாம்.

நூல்கண்டு

வந்துவிட்டது அக்கா! கடைசி டிசி 412, நேற்று இரவு ஷிஃப்டில் 14 ரோல் போட்டது. ரோல் மேல் மார்க்கரில் எழுதிய எடையும் திரையில் இருப்பதும் ஒன்றாக இருக்கிறது. மாமா ஒவ்வொரு ரோலாகத் தொட்டுப் பார்த்து வாசிக்க, நான் சரிபார்த்தேன். காலையில் புத்தகத்தில் எழுதிய 9 டிசியை இப்போது ஏற்றிக்கொண்டிருக்கிறோம்.

சோதனைக்காக ‘டவுன்’, ‘அப்’ இரண்டு முறை கொடுத்தேன். கை நடுங்கியது, கணக்கு நின்றது. பழைய ‘சி4’-ஐ ஒரு மாதத்துக்குத் தொட மாட்டேன்.

வெள்ளலூர்க்காரி

ரொம்பச் சந்தோஷம் தம்பி. இன்றே ‘பிஜிடம்ப்’ (டேட்டாபேஸ் பேக்கப்) ஒன்றும் போட்டுவிடுங்கள். சர்வர் கடிகாரம் யுடிசியில் இருந்தால், நம் இரவு 11 மணிக்கு ஓட க்ரானில் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கருவி) 17:30 என்று கொடுக்க வேண்டும். டம்ப் அந்தச் சர்வரிலேயே கிடந்தால் போதாது, யூனிட்டில் இருக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரு பிரதி வரட்டும்.

நூல்கண்டு

போட்டாயிற்று. முதல் டம்பை என் லேப்டாப்பில் ஒரு காலி போஸ்ட்கிரெஸ் 16-இல் ஏற்றிப் பார்த்தேன். 421 டிசியும் இருக்கிறது.