பனங்கட்டியைக் குறைத்தால் எள்ளுப்பாகு உதிர்கிறது, உதவுங்கள்

கொக்குவிலிலிருந்து எழுதுகிறேன். பின்னேரத் தேநீரோடு இனிப்பாக ஏதாவது வாயில் போடாவிட்டால் என் கணவருக்குப் பொழுது போகாது. இரத்தத்தில் சீனி கூடியிருப்பதால் பேக்கரி கேக்கை நிறுத்தச் சொல்லிவிட்டார் வைத்தியர். தைப்பொங்கலுக்குப் பிறகு வீட்டிலேயே எள்ளுப்பாகு செய்து வருகிறேன். பனங்கட்டியும் சீனிதான், தெரியும். அளவைக் குறைப்பதே நோக்கம்.

வழமையாக எள் 250 கிராம், வறுத்த உளுத்தம்மா 100 கிராம், பனங்கட்டி 200 கிராம். உருண்டை அசையாமல் நிற்கும். பனங்கட்டியை 100 கிராமாக்கினால் கைக்குள் உருள்கிறது, தட்டில் வைத்ததும் வெடித்து மாவாகக் கொட்டுகிறது.

எள்ளை எண்ணெய் விடும்வரை கிரைண்டரில் அரைத்துப் பார்த்தேன் (உரல் இல்லை). உருண்டை பிடிபட்டது, ஆனால் மறுநாள் டின்னுக்குள் விரித்த கடதாசி முழுக்க எண்ணெய். வெந்நீர் தெளித்துப் பிடித்தது விரைவிலேயே புளித்த வாடை அடித்தது. பேரீச்சம்பழத்தை விதை நீக்கி அரைத்துச் சேர்த்ததுதான் உருப்படியான வழி; அவரும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இந்த வெக்கையில் அது இரண்டு நாள் தாண்டுவதில்லை: முதலில் பிசுபிசுப்பு, பிறகு வெள்ளைப் பூஞ்சணம். குளிர்சாதனப்பெட்டியில் வைத்தால் இறுகிவிடுகிறது, அவருக்கோ பல் தகராறு. செயற்கை இனிப்பை அவர் தொடவே மாட்டார்.

பேரீச்சம்பழத்தின் ஈரத்தை எப்படிப் போக்கிச் சேர்த்தால், உருண்டை மூடிய டின்னில் ஒரு கிழமையாவது பழுதாகாமல் இருக்கும்?