புதுப்பிப்பு: முடக்குவாதத்தோடு ரைடு ஏறிப் பார்த்தேன்

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: பத்து வருடமாக முடக்குவாதம் (மூட்டுகள் வீங்கி விறைத்துப்போகும் நோய்), முழங்கால் சரியாக மடங்காது, மகளோடு பெங்களூரில் தீம் பார்க் போனால் எதிலாவது ஏற முடியுமா என்று. புதன்கிழமை போய் வந்துவிட்டோம்.

ரோலர் கோஸ்டர் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த நோய் கழுத்தின் மேல் மூட்டையும் தளர்த்திவிடலாம். திடீர்க் குலுக்கல் ஆபத்து. உங்களுக்கும் இது இருந்தால் டிக்கெட் எடுக்கும் முன் கழுத்தைக் காட்டிவிடுங்கள்.

காலை விறைப்பு விடவே பதினொரு மணி ஆகும், அதனால் மதியம்தான் போனோம். ராட்டினத்தில் சுற்றுவது கஷ்டமில்லை, ஏறும் அந்தப் பத்து நொடிதான் கஷ்டம். நகரும் தொட்டியில் என்னால் கால் வைக்க முடியாது. ஆபரேட்டரிடம் கன்னடத்தில் சொன்னேன். "நிறுத்தறேன்க்கா, மெதுவா ஏறுங்க" என்று தமிழில் பதில் வந்தது. கிருஷ்ணகிரிக்காரத் தம்பியாம். முதலில் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு முழங்காலையும் சேர்த்து உள்ளே திருப்பினேன். காரில் ஏற பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த அதே முறை. கம்பியை விரலால் பிடிக்காமல் முன்கையை மேலே போட்டுக்கொண்டேன்.

படகு ரைடில் ஏறிவிட்டேன், இறங்கத்தான் முடியவில்லை. இருக்கை அவ்வளவு தாழ்வு. மகள் இடுப்பைப் பிடித்துத் தூக்கினாள், வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அழுகை வந்துவிட்டது. இனிமேல் இருக்கை முழங்காலுக்குக் கீழே இருந்தால் ஏறமாட்டேன்.

மறுநாள் முழுக்கப் படுக்கைதான். ஆனாலும் ராட்டினத்தின் உச்சியில் மகள் என் வீங்கிய விரல்களைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "அம்மா, அங்கே பாரு" என்றாள். மார்கழியில் மறுபடி போகிறோம்.