புதுப்பிப்பு: எரிவாயுக் குழாயை அடைத்த கருந்தூள்

பரந்தனில் எங்கள் மாட்டுப்பட்டியின் சாண எரிவாயுக் குழாயில் கருந்தூள் அடைத்து அடுப்பு அடிக்கடி அணைகிறது என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். குழாயைக் கழற்றியபின் கண்டதை இங்கே பதிகிறேன்.

அது புகைக்கரி அன்று. வெளியில் வைத்துச் சிறிதளவு தூளில் தேசிக்காய்ப்புளி விட்டபோது கூழ்முட்டை நாற்றம் எழுந்தது; ஆகவே இரும்புச் சல்பைட்டு என்றே கொள்கிறேன். வாயுவிலுள்ள ஐதரசன் சல்பைட்டு, ஈரம் படிந்த இரும்புக் குழாயின் உட்சுவரைத் தின்று இதை உண்டாக்குகிறது. இயற்கை எரிவாயுவைக் கொண்டுசெல்லும் பெருங்குழாய்களிலும் இதே தூள், இரும்பு ஒட்சைட்டுகளோடு கலந்து, சில மைக்ரோன் அளவேயான துகள்களாக விரைந்து சென்று கட்டுப்பாட்டு வால்வுகளை அரிக்கிறது. அங்கே பெரிய துகள்களைச் சுழற்சிப் பிரிப்பானும் நுண்துகள்களை வடிகட்டியும் பிடிக்கின்றன. 'பிக்' எனும் கருவியை உள்ளே செலுத்திப் படிவைத் துடைத்தெடுக்கிறார்கள். ஆயினும் வாயுவை முதலிலேயே உலர்த்தி அனுப்புவதுதான் வேரைத் தொடும் வழி என்பது என் கருத்து.

முன்பு நான் சொல்லத் தவறிய ஒன்று மிக முக்கியமானது: இத்தூள் உலர்ந்த நிலையில் காற்றுப் பட்டால் தானாகவே தீப்பற்றக்கூடும் என்பதால், வாயுவை முழுவதும் அடைத்து, தூளை நீரால் நன்கு நனைத்த பிறகே குழாயைத் துப்புரவாக்குங்கள்.

இரும்புக் குழாயை நீக்கி, நீர் வடியும் பொறியை நோக்கிச் சரிவாகப் பிவிசி குழாய் பதித்துள்ளோம். மூன்று கிழமையாக அடுப்பு அணையவில்லை.