34 வருஷ ஜாக்கெட்: கணக்கில் ஆயுள் 18 வருஷம்தான் வருகிறது, எதை நம்புவது?

தரமணி_ஜாக்கெட்:
அரபிக்கடலில் நிற்கும் நாலு கால் ஜாக்கெட், அதாவது கடல் எண்ணெய் மேடையைத் தாங்கும் எஃகுக் குழாய்ச் சட்டகம். 25 வருஷத்துக்கு டிசைன் செய்தது, இன்னும் 10 வருஷம் கேட்கிறார்கள். நீர்மட்டத்துக்குக் கீழே மைனஸ் 8 மீட்டர் கிடைமட்டச் சட்டத்தில், கண்டக்டர் கைடு (கண்டக்டர் எனும் கிணற்றுக் குழாய்களைப் பிடித்து நிறுத்தும் வளையம்) பக்கத்து ஜாயின்ட் ஒன்றுக்கு ஃபெட்டீக் ஆயுள் (அலை திரும்பத் திரும்ப அடித்து விரிசலில் முடியும் காலம்) 18 வருஷம் வருகிறது. ஆனால் ஆர்.ஓ.வி. (மேலிருந்து இயக்கும் நீரடி ரோபோ) ரிப்போர்ட்டில் விரிசலே இல்லை. கணக்கு தப்பா?

அலைக்கணக்கு:
முதலில் ஜாயின்டை முழு இறுக்கமாக வைத்திருக்கிறீர்களா பாருங்கள். நிஜத்தில் குழாய்ச் சுவர் கொஞ்சம் நெளிந்து கொடுக்கும். அந்த நெகிழ்வைச் சேர்க்காவிட்டால் பிரேஸ் (கால்களை இணைக்கும் குறுக்குக் குழாய்) முனையில் இல்லாத வளைவு ஏறிவிடும். எஸ்-என் கோட்டின் (எந்த ஸ்ட்ரெஸ்ஸை எத்தனை தடவை தாங்கும் என்று காட்டும் வரைபடம்) சரிவு 3 என்றால், ஸ்ட்ரெஸ் 10% குறைந்தாலே ஆயுள் 37% கூடும். அதற்காக 18-ஐத் தள்ளிவிடாதீர்கள் சார். நீர்மட்டத்தை ஒட்டிய அந்தச் சட்டத்தைச் சின்ன அலைகூட மேலும் கீழுமாக உலுக்கும். பழைய டிசைன்கள் பலவற்றில் இந்தச் செங்குத்து விசையைச் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை. விரிசல் விழுகிற இடமே அதுதான்.

நீரடி_வெல்டு:
"விரிசல் இல்லை" என்று எந்த முறையில் பார்த்துச் சொன்னார்கள்? வெறும் கேமரா என்றால் அந்த வரிக்கு மதிப்பில்லை, சிப்பிக்கு அடியில் வெல்டு ஓரம் தெரியாது. குழாய்க்குள் தண்ணீர் புகுந்திருக்கிறதா என்று பார்க்கும் எஃப்.எம்.டி. என்றால், விரிசல் சுவரை முழுக்கத் துளைத்த பிறகுதான் அது காட்டும். அதற்குள் ஆயுளில் பெரும்பங்கு போயிருக்கும். அந்த ஒரு ஜாயின்டையாவது உயர் அழுத்த நீரால் சுத்தம் செய்து, வெல்டு ஓரம் முழுச் சுற்றும் ஏ.சி.எஃப்.எம். (மாறுமின் புலத்தால் விரிசல் தேடும் சோதனை) போடச் சொல்லுங்கள். நீளத்தோடு ஆழமும் கிடைக்கும். ஆழம் குறைவு என்றால் கிரைண்ட் செய்தே எடுத்துவிடலாம். கூடவே சி.பி. (மின்னழுத்தம் கொடுத்து அரிப்பைத் தடுக்கும் கத்தோடிக் பாதுகாப்பு) ரீடிங்: வெள்ளி-வெள்ளி குளோரைடு மின்முனையில் மைனஸ் 800 மில்லிவோல்ட்டாவது இருக்க வேண்டும். மைனஸ் 760 என்று வந்தால் அரிப்புக்கான எஸ்-என் கோட்டுக்கு மாறுங்கள், ஆயுள் இன்னும் சுருங்கும்.

தரமணி_ஜாக்கெட்:
அந்த பிரேஸ் போய்விட்டதாக வைத்து புஷ்ஓவர் (சரியும்வரை சுமையைக் கூட்டிப் பார்க்கும் கணக்கு) ஓட்டினால் போதுமா?

அலைக்கணக்கு:
ஓட்டுங்கள், ஆனால் கிடைமட்ட பிரேஸை எடுத்தால் மொத்த பலம் பெரிதாக அசையாது. அதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது. பிடிமானம் போன கண்டக்டர்களைத் தனியாகச் சோதியுங்கள், தாங்கல் இல்லாத நீளம் கூடிவிடும். புயல் அலைக்கு, அளந்த சிப்பித் தடிமனையே போடுங்கள். 600 மி.மீ. குழாயில் சுற்றிலும் 75 மி.மீ. ஏறினால் விட்டம் 750. சொரசொரப்பால் ஏ.பி.ஐ. (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) விதிப்படி இழுவைக் கெழு 0.65-இலிருந்து 1.05 ஆகும். இரண்டும் சேர்ந்து இழுவையே இரட்டிப்பு. டெக் (மேல்தளம்) அடிமட்டத்தையும் பழைய டிராயிங்கிலிருந்து எடுக்காமல் புதிதாக அளக்கச் சொல்லுங்கள். அலை முகடு டெக்கைத் தொட்டுவிட்டால் மற்ற எல்லா எண்ணும் மாறிவிடும்.