பழைய ட்சுபா (வாளின் கைக்காப்புத் தகடு) மாட்டியதிலிருந்து கடகட சத்தம், எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும்?

கேள்வி:
இயைடோ (ஜப்பானிய வாள் உருவும் கலை) பயிற்சி வாள் ஒன்று வைத்திருக்கிறேன். அதோடு வந்த ட்சுபாவைக் கழற்றிவிட்டு எடோ காலத்து (ஜப்பானில் 17 முதல் 19-ஆம் நூற்றாண்டு வரை) இரும்பு ட்சுபா ஒன்றை மாட்டினேன். பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் வீசும்போதெல்லாம் கடகடவென்று சத்தம், விரலால் பிடித்து அசைத்தால் முன்னும் பின்னும் ஆடுகிறது, கொஞ்சம் மேலும் கீழுமாகவும். பிடியும் அலகும் ஆடவில்லை. எபாக்சி போட்டு ஒட்டிவிடு என்கிறார் ஒருவர், எனக்கு மனம் வரவில்லை. பாகங்களின் பெயர்கள் அரைகுறையாகத்தான் தெரியும், அதனால் என்ன வாங்குவது என்று கேட்கக்கூடத் தெரியவில்லை. இன்னும் இரண்டு சந்தேகம். நடுத் துளைக்கு இருபுறமும் வேறு இரண்டு துளைகள், அதில் ஒன்றை உலோகம் வைத்து அடைத்திருக்கிறார்கள், உடைந்து சரிசெய்ததா? ஓரத்தில் சிவப்பாகத் துரு இருக்கிறது, வயர் பிரஷ் போடலாமா?

பதில் 1:
பசை வேண்டவே வேண்டாம். ஜப்பானிய வாளின் பிடி முழுவதும் கழற்றி மாட்டுவதற்கென்றே அமைந்தது, ஒட்டிவிட்டால் அப்புறம் அலகின் வாலைப் பார்க்கவே முடியாது.

அலகிலிருந்து பிடியை நோக்கி வரிசையாகப் பாருங்கள். முதலில் ஹபாகி, அலகின் அடியில் இருக்கும் செம்பு அல்லது பித்தளைப் பூண். உறையின் வாயில் இறுகிப் பிடிப்பது அதுதான், வாள் தானாக நழுவாமலும் அலகு உறையின் உட்புறத்தில் உரசாமலும் இருப்பது அதனால்தான். அடுத்து செப்பா என்ற மெல்லிய உலோகத் தகடு ஒன்று, பிறகு ட்சுபா, மறுபடி ஒரு செப்பா, அதற்குப் பிறகு பிடியின் வாயில் இருக்கும் ஃபுச்சி என்ற உலோகப் பூண். அலகின் வால், அதாவது நகாகோ, இவை எல்லாவற்றுக்குள்ளும் புகுந்து பிடிக்குள் போகிறது. மெகுகி என்ற மூங்கில் முளை பிடியையும் நகாகோவையும் குறுக்கே துளைத்து நிற்கிறது. இந்த முளைதான் முழு வரிசையையும் இறுக்கமாக வைத்திருக்கிறது.

நீங்கள் மாட்டிய எடோ காலத்து ட்சுபா, வாளோடு வந்ததைவிட மெல்லியதாக இருக்க வேண்டும். வரிசையில் விழுந்த அந்த இடைவெளிதான் முன்பின் ஆட்டம். தீர்வு செப்பா, இது நட்டுக்கு அடியில் போடும் வாஷர் செய்யும் வேலையைத்தான் செய்கிறது. கொஞ்சம் தடித்த செப்பா ஒன்று வாங்கி மாற்றுங்கள். ஆனால் ரொம்பத் தடித்ததைப் போட்டால் நகாகோ முன்னுக்குத் தள்ளப்பட்டு அதிலிருக்கும் துளையும் பிடியின் துளையும் நேராக வராது, அப்போது மெகுகியை அடித்து நுழைக்கப் பார்க்காதீர்கள், பிடிக்குள் இருக்கும் மரம் பிளந்துவிடும்.

மேலும் கீழும் ஆடுவதற்குக் காரணம் வேறு. ட்சுபாவின் நடுத் துளை உங்கள் நகாகோவைவிடப் பெரியது. அதற்குத் துளையின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் செம்புத் துண்டு வைத்துத் தட்டிப் பொருத்துவார்கள், செகிகானே என்று பெயர். செம்பு மென்மையானது, இரும்பைத் தொடாமல் அதை மட்டும் அரம் போட்டு அளவுக்குக் கொண்டுவரலாம். பழைய ட்சுபா பலவற்றில் இது இருக்கும், ஏனென்றால் ஒரே ட்சுபாவை வேறு வேறு அலகுகளுக்கு மாற்றி மாட்டியிருப்பார்கள். அதிலும் 1876-ல் மெய்ஜி அரசு பொது இடங்களில் வாள் அணிவதைத் தடை செய்த பிறகு ட்சுபாக்கள் எத்தனையோ வாளைவிட்டுப் பிரிந்து தனியாகச் சேகரிப்பாளர்களிடம் போய்விட்டன. எனவே கையில் கிடைக்கும் பழையது அப்படியே உங்கள் வாளுக்குப் பொருந்தும் என்று எதிர்பார்க்க முடியாது.

பதில் 2:
அந்த இரண்டு துளைகளும் ஹிட்சு-அனா. உறையின் பக்கவாட்டில் ஒரு சிறு கத்தியும் கோகாய் என்ற கூந்தல் ஊசியும் செருகி வைப்பார்கள், வாள் உறைக்குள் இருக்கும்போது அவற்றின் தலைப்பகுதி ட்சுபாவைத் தாண்டி வர இந்தத் துளைகள். அரை வட்டமாக இருப்பது கத்திப் பிடியான கோசுகாவுக்கு, மூன்று வளைவாக இருப்பது கோகாய்க்கு. இவை இல்லாத வாளில் மாட்டும்போது ஈயமோ ஷகுடோவோ (தங்கம் கலந்த செம்பு) வைத்து அடைத்துவிடுவார்கள். அது சேதம் இல்லை, அந்த ட்சுபாவின் வரலாறு, தயவுசெய்து நோண்டி எடுக்காதீர்கள்.

வயர் பிரஷ் பக்கமே போகாதீர்கள்! இரும்பு ட்சுபாவின் கருமையான பழுப்பு நிறம் வேண்டுமென்றே உருவாக்கப்பட்டு காலப்போக்கில் முதிர்ந்த மேல்படலம், போனால் போனதுதான். துரு நீக்கும் திரவங்களும் அதையே செய்யும். சிவப்புத் துருவை மட்டும் மான் கொம்புத் துண்டாலோ எலும்பாலோ மெதுவாகச் சுரண்டி, பருத்தித் துணியால் தேய்த்துவிடுங்கள். நேரம் எடுக்கும், பரவாயில்லை.

கேட்டவர்:
மிக்க நன்றி. அளந்து பார்த்தேன், பழையது 1 மில்லிமீட்டர் மெல்லியதுதான். செப்பா தேடுகிறேன். ஃபுச்சி, கஷிரா, மெனுகி இவற்றையும் ட்சுபாவுக்குப் பொருத்தமாக மாற்றலாமா, இல்லை அவை வெறும் அலங்காரமா?

பதில் 1:
ஃபுச்சி அலங்காரம் மட்டும் இல்லை, பிடியின் வாய் பிளக்காமல் காப்பது அது. கஷிரா பிடியின் கடைசி முனையைக் காக்கிறது, சுற்றுக் கயிறு அதன் துளைகள் வழியாகப் போய்த்தான் முடிச்சு விழுகிறது, அதனால் கஷிராவை மாற்றினால் கயிற்றையே பிரித்துச் சுற்ற வேண்டும். மெனுகி என்ற சிறு உலோக அலங்காரத் துண்டும் கயிற்றுக்கு அடியில் இருப்பதுதான், அழகோடு கைக்குப் பிடிமானமும் தரும். மூன்றையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

செப்பா வந்ததும் பொருத்திவிட்டு மெகுகியைக் கவனியுங்கள். விரலால் தள்ளினாலே வெளியே வந்தால் அது தேய்ந்துவிட்டது, நன்கு உலர்ந்த மூங்கிலில் புதிது செய்து போடும்வரை வாளை வீசாதீர்கள்.